நத்தார் மடலில் ஒரு முகம்: லிலி எல்சி (1886–1962)

அந்த மடல் நமது உள்ளங்கையை விடச் சற்றே பெரியது. 5½ அங்குல நீளம், 3½ அங்குல அகலம். முன்புறத்தில் ஓர் இளம் பெண்ணின் புகைப்படம். தலையைச் சற்றுச் சாய்த்து, கண்களை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கிறார். தலையில் குடை போல் அகன்ற தொப்பி. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் எவரோ தூரிகையால் கன்னத்துக்கு இளஞ்சிவப்பும் தொப்பியிலுள்ள பூவுக்குக் கடுஞ்சிவப்பும் தீட்டியிருக்கிறார். மூலையில் ஹொலி இலைக் கொத்து ஒன்று, அருகே பொன்னிற எழுத்தில் நத்தார் வாழ்த்து. பின்புறத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் தலை பொறித்த அரைப் பென்னி முத்திரை. மாட்டுத் தொழுவம் இல்லை, இடையர் இல்லை, ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனும் இல்லை.

இயேசு பாலனின் பிறப்புக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், எதுவும் இல்லை என்பதே விடை. அவர் இலண்டன் மேடையில் பாடி ஆடிய நடிகை. 1900 க்கும் முதலாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தில் நத்தாரோ, புத்தாண்டோ, பிறந்தநாளோ, எது வந்தாலும் உறவினருக்கும் சிநேகிதிகளுக்கும் நடிகையின் படம் போட்ட அட்டையை அனுப்புவது பெருவழக்காக இருந்தது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சினிமா நடிகைகளின் படம் அச்சிட்ட வாழ்த்து மடல்களைக் கடைகளிற் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய புதினம் அல்ல. மரி ஸ்ரட்ஹோம், சகோதரிகளான சீனா டெயர், பிலிஸ் டெயர், கேட்டி மிலர், கப்ரியேல் றேய் என்று அட்டைகளில் வலம்வந்த முகங்கள் பல. அவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் லிலி எல்சி.

இம்மலரின் ஏனைய பக்கங்களில் நமது கல்லூரியைக் கட்டியெழுப்பிய பெண்களின் வரலாறுகள் இடம்பெறுகின்றன. இங்கே நாம் எடுத்துக்கொண்டவர் எதையும் கட்டியெழுப்பியவர் அல்லர். ஒரு பேரரசு முழுவதும் பார்த்த முகத்துக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான். ஆனால் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் அவரின் நோயைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு சொல்லைச் சற்று எளிதாகப் பாவித்துவிட்டார்கள் என்பது நமது எண்ணம். வைத்தியத் தொழிலில் இருப்பதனால் அந்தச் சொல் நம் கண்ணிற் குத்தியது. அதற்குப் பின்னர் வருவோம்.

1886 ஏப்ரல் 8 ஆம் திகதி, வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரை அடுத்த ஆம்லி என்னும் இடத்தில் அவர் பிறந்தார். பிறந்தபோது பெயர் எல்சி ஹொடர். தாய் சார்லட் தையல் வேலை செய்தவர். தாய் பின்னர் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்த கொட்டன் என்பவரை மணந்துகொள்ள, சிறுமி எல்சி கொட்டன் ஆனார். குடும்பம் மன்செஸ்டர் பக்கம் குடிபெயர்ந்தது. பிறரைப் போலப் பாடியும் பேசியும் காட்டும் வல்லமை குழந்தைக்கு இருந்தது. பத்து வயதை எட்டுமுன்னரே ‘சின்ன எல்சி’ என்ற பெயரில் மேடையேற்றிவிட்டார்கள். 1896 நத்தார் காலத்தில் மன்செஸ்டர் குயீன்ஸ் அரங்கில் நடந்த கதையாட்டத்தில் சிவப்புத் தொப்பிச் சிறுமியாக வந்தவர் இவரே. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1898 நத்தாருக்கு, இலண்டன் பிரிட்டானியா அரங்கில் காற்றின் தேவதையாகத் தோன்றினார்.

இங்கிலாந்தில் நத்தார் என்றால் பன்ரமைம் எனப்படும் கதையாட்டங்கள் நடக்கும் பருவம். பிள்ளைகள் பெற்றோரோடு போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவார்கள். மேடையில் நிற்கும் பிள்ளைக்கோ அது வேலை நாள். நத்தார் அட்டையில் தம் முகம் பதியும் முன்னரே, நத்தார் நாட்களில் பிறருடைய மகிழ்ச்சிக்காக உழைத்துப் பழகியவர் எல்சி.

1900 அளவில் லிலி எல்சி என்ற பெயரைச் சூடிக்கொண்டார். அக்கால இலண்டன் இசை நாடக உலகை ஆட்டிப்படைத்தவர் ஜோர்ஜ் எட்வேர்ட்ஸ். கெயிற்றி, டேலிஸ் ஆகிய அரங்குகள் அவர் கையில் இருந்தன. அவருடைய குழுவில் பாடகிகளுள் ஒருத்தியாகச் சேர்ந்த எல்சி, மெல்ல மெல்லச் சிறு பாத்திரங்களுக்கு உயர்ந்தார். ஒருமுறை மேடையிற் சிரிப்பை அடக்கமாட்டாமற் கிளுகிளுத்ததற்காக எட்வேர்ட்ஸ் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, சில நாட்களில் மீண்டும் அழைத்துக்கொண்டாராம். வகுப்பில் இதே குற்றத்துக்காக வாசலுக்கு வெளியே நின்ற நம்மிற் பலருக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

இந்த இடத்தில் நம் நாடு கதைக்குள் வருகிறது. 1904 மார்ச் மாதம் டேலிஸ் அரங்கில் தொடங்கிய இசை நாடகம் ஒன்றின் பெயர் ‘த சிங்களி’. கதை நடப்பது இலங்கையில். வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டம் முதல் அங்கம், கண்டி வாவிக்கரை மாளிகை இரண்டாம் அங்கம். தோட்டத்துரை காதலிக்கும் உள்ளூர்ப் பெண்ணின் பெயர் நனோயா. மலையகப் புகையிரதத்திற் போனவர்களுக்கு நானுஓயா நிலையம் உடனே நினைவுக்கு வரும். இந்த நாடகம் 365 தடவை மேடையேறியது. அதில் லேடி பற்றீசியா வெரேக்கர் என்ற ஆங்கிலச் சீமாட்டியாக எல்சி நடித்தார். உண்மையில் 1904 இல் நம் மலைகளிற் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து லயங்களில் அடைபட்டுக் கிடந்த நம் சனங்கள். டேலிஸ் மேடையில் தேயிலை இருந்தது, வாவி இருந்தது, பட்டுச் சேலைபோல் ஏதோ உடுத்திக்கொண்டு ஆடிய வெள்ளைக்காரப் பெண்கள் இருந்தார்கள். கூடை சுமந்தவள் இல்லை. எல்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினெட்டு வயதுப் பெண், கொடுத்த உடையை அணிந்து கொடுத்த பாட்டைப் பாடினார். இலங்கை எங்கே இருக்கிறதென்று எட்வேர்ட்ஸுக்கே எவ்வளவு தெரிந்திருக்கும்!

அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட நாடகம் 1907 இல் வந்தது. வியன்னாவில் பிரான்ஸ் லேஹார் இசையமைத்துப் பெரும் வெற்றி கண்ட ‘களிப்பான கைம்பெண்’ என்ற நாடகத்தை எட்வேர்ட்ஸ் இலண்டனுக்கு எடுத்து வந்தார். சிறிய நாடு ஒன்றின் பணக்கார இளம் விதவை அந்நியனை மணந்தால் அவளுடைய செல்வமெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஆகவே உள்நாட்டான் ஒருவனுக்கே அவளைக் கட்டிவைக்க அரசாங்கம் பாடுபடுகிறது. இதுதான் கதை. விதவை என்ற சொல்லையும் களிப்பு என்ற சொல்லையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தலைமைப் பாத்திரத்துக்கு எல்சியைத் தெரிந்தவர் எட்வேர்ட்ஸ். எல்சிக்கு விருப்பமில்லை. பேர்லினுக்கு அழைத்துப் போய் நாடகத்தைக் காட்டியபோது, அந்தப் பாட்டுகளுக்குத் தம் குரல் போதாது என்று அஞ்சிப் பின்வாங்கினார். எட்வேர்ட்ஸ் விடவில்லை. உடைகளை அமைக்கும் பொறுப்பு லூசில் என்ற பெயரிற் புகழ்பெற்ற லேடி டவ் கோர்டனிடம் சென்றது. பின்னாளில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிர் தப்பியவர்களுள் இவரும் ஒருவர். லூசில் உடை தைத்ததோடு நிற்கவில்லை. எப்படி நிற்பது, எப்படி நடப்பது, தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று எல்சிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் அங்கத்துக்கென்று அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்றையும் அமைத்தார்.

1907 ஜூன் 8 ஆம் திகதி டேலிஸ் அரங்கில் லேஹாரே வாத்தியக் குழுவை நடத்த, நாடகம் அரங்கேறியது. சில வாரங்களுக்கு மேல் ஓடாது என்றுதான் எட்வேர்ட்ஸும் எண்ணியிருந்தார் என்பர். 778 தடவை ஓடியது. இருபத்தொரு வயதில் லிலி எல்சி இலண்டனின் பேச்சானார். அந்தத் தொப்பி கடல் கடந்தது. மறு ஆண்டு நியூயோர்க்கில் இதே நாடகம் நடந்தபோது, பார்க்க வரும் பெண்களுக்கு நினைவுப் பரிசாக அதே மாதிரித் தொப்பி கொடுப்பதாக அறிவித்து, அரங்கில் தள்ளுமுள்ளு நடந்து பெரிய கேலியாயிற்று. கிழக்கே, பான்ட்மன் என்பாரின் நாடகக் குழுக்கள் இலண்டன் இசை நாடகங்களைக் கல்கத்தாவுக்கும் கொழும்புக்கும் அதற்கப்பாலும் கொண்டு திரிந்தன. எல்சி இந்தப் பக்கம் வரவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய முகம் ஊர் ஊராகத் திரிந்தது.

அதற்குக் காரணம் தபாலட்டை. 1894 இல் பிரித்தானியத் தபாற்பகுதி தனியார் அச்சிட்ட அட்டைகளை ஏற்கத் தொடங்கியது. 1902 இல் முகவரிப் பக்கத்திலேயே செய்தியையும் எழுத அனுமதி கிடைத்தது. அதன் பின்னர் முன்பக்கம் முழுவதும் படத்துக்கென்று விடுபட்டது. அரைப் பென்னிக்கு அட்டை போகும். நகரங்களில் ஒரு நாளைக்குப் பல தடவை தபால் விநியோகம் நடந்தது, நத்தார் அன்றும் தபாற்காரர் வருவார். காலையிற் போட்ட அட்டை மாலையில் அதே நகரத்துச் சிநேகிதியின் கையிற் கிடைக்கும். அந்தத் தசாப்தத்தின் இறுதியில் ஆண்டொன்றுக்கு 80 கோடிக்கும் அதிகமான அட்டைகள் பிரித்தானியத் தபாலிற் சென்றன. இன்று நாம் கைத்தொலைபேசியில் அனுப்பும் வாழ்த்துப் படங்களின் பாட்டி என்று சொல்லலாம்.

எல்சியைப் படம் பிடித்தவர்களுள் முக்கியமானவர்கள் பௌல்ஷம் அன்ட் பான்பீல்ட் என்ற கலையகத்தார். அச்சிட்டு விற்றவர்களுள் முக்கியமானது றோட்டரி நிறுவனம். பெரிய சுருளாக வரும் புரோமைட் தாளில் இயந்திரம் படத்தைத் திரும்பத் திரும்பப் பதித்துக்கொண்டே போகும். அச்சுமை அல்ல, ஒவ்வொன்றும் மெய்யான புகைப்படம். நிறம் தீட்டுவது கைவேலை, பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒரே படம் நத்தாருக்கு ஹொலி இலையோடும், புத்தாண்டுக்கு மணியோடும், பிறந்தநாளுக்குப் பூங்கொத்தோடும் மூன்று நான்கு வேடம் போடும். சிலவற்றில் மினுக்கத் தூளை ஒட்டுவார்கள். பாடசாலையிற் பஞ்சும் பசையும் மினுக்கமுமாக நத்தார் மடல் செய்து மேசையெல்லாம் குழப்பி ஏச்சு வாங்கிய நமக்கு அந்தத் தூள் எங்கெங்கே ஒட்டியிருக்கும் என்பது தெரியும்.

படத்துக்குரியவருக்கு அந்தப் படத்தின் மேல் எவ்வளவு உரிமை இருந்தது என்பது வேறு கதை. எல்சியின் சக நடிகையான கேட்டி மிலரின் தலையை வேறொரு பெண்ணின் உடலோடு ஒட்டி ஒரு நிறுவனம் அட்டைகளை வெளியிட்டது. அவர் நீதிமன்றம் போனார். வழக்கில் அவர் வெல்லவில்லை. இன்று கணினியிற் செய்யும் அதே கூத்துக்காக அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் வைத்தியர்களாகவும் இருக்கும் நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். கத்தரிக்கோலும் பசையும் இருந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது.

இனி அட்டைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்ப்போம். கூச்ச சுபாவம் உடையவர். புகழ் அவரை மகிழ்வித்ததை விட அச்சுறுத்தியதே அதிகம். வாசலிற் காத்து நின்ற ஆண்களிற் பெரும்பாலோரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை என்று லூசில் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அத்துடன் ஓயாத உடல்நலக் குறைவு. குருதிச்சோகை இருந்தது. பல தடவை சத்திரசிகிச்சைகளுக்கு உள்ளானார். மேடைக்கு வர இயலாத இரவுகள் பல. அந்த இரவுகளில் மாற்று நடிகை பாடினார். எட்வேர்ட்ஸின் குழுவில் அவருக்கு எப்போதாவது வரும் நடிகை என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரும் ஏற்பட்டது. பிற்காலத்தில் எழுதியவர்கள் ஒரு படி மேலே போய், இல்லாத நோயை இருப்பதாக எண்ணி வாழ்ந்தவர் என்று எழுதிவிட்டார்கள். நாம் முன்னர் குறிப்பிட்ட சொல் இதுதான்.

ஒரே பக்கத்தில் குருதிச்சோகை என்றும் எழுதி, கற்பனை நோயாளி என்றும் எழுதுவது எப்படிப் பொருந்தும்? குருதியிற் செந்நிறப் பொருள் குறைந்தால் உடலின் ஒவ்வோர் இழையத்துக்கும் போகும் ஒட்சிசன் குறைகிறது. இதயம் அதை ஈடுசெய்ய விரைந்து அடிக்கிறது. படியேறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். நித்திரை கொண்டாலும் களைப்புத் தீராது. எரிச்சலும் கவனக் குறைவும் அதன் அறிகுறிகளே. அந்த உடலோடு, இறுக்கிக் கட்டிய மார்க்கச்சுக்குள், இரவுக்கு இரவு வோல்ட்ஸ் நடனம் ஆடிக்கொண்டே பாடுவதை எண்ணிப் பாருங்கள். எப்போதாவது வந்தார் என்பது அல்ல, அவ்வளவு தடவை வந்தார் என்பதே நமக்கு வியப்பு.

அந்தக் காலத்து வைத்தியம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இளம் பெண்களுக்கு வரும் சோகையைப் பச்சை நோய் என்று ஒரு தனி நோயாகவே பாடநூல்கள் எழுதின. இரும்புச் சத்துக் குளிசை கொடுக்கும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அது பலனும் தந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் காதல் ஏக்கம் என்றும், பெண்களின் நரம்புத் தளர்ச்சி என்றும், கலியாணம் செய்துவைத்தாற் சரியாகும் என்றும் நம்பிய வைத்தியர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். 1930 களில் அந்த நோயின் பெயரே பாடநூல்களிலிருந்து மறைந்துவிட்டது. நம்பிக்கை அவ்வளவு விரைவில் மறையவில்லை. களைத்து வரும் பெண்ணைப் பார்த்து முதலில் அவளுடைய மனத்தைச் சந்தேகிப்பதும், இரத்தப் பரிசோதனையைப் பிறகு எழுதுவதும் இன்றைக்கும் நடக்கிறது. நம் நாட்டுப் பாடசாலைகளில் மாணவிகளுக்கு வாரம் ஒருமுறை இரும்புச் சத்துக் குளிசை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அந்தக் குளிசையை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படிக்கப் பஞ்சிப்படுகிறாள் என்று தாய் சொல்லிக் கூட்டிவரும் பிள்ளையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சில வேளைகளில் அது தாளைப் போல வெளுத்திருக்கும்.

வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1909 இல் ‘டொலர் இளவரசி’, 1911 மே மாதம் மீண்டும் லேஹாரின் இசையில் ‘லக்சம்பேர்க் பிரபு’ என்று வெற்றிகள் தொடர்ந்தன. 1911 நவம்பரில் இயன் புலோ என்ற செல்வந்தரை மணந்தார். புலோ குடும்பத்தினர் அக்றிங்டன் நகரில் நெசவாலை இயந்திரங்கள் செய்து பெரும் பொருள் ஈட்டியவர்கள். புலோவின் முதல் மனைவி மோடி டறெலும் நடிகையே. 1910 இல் அவர் இறந்துபோனார். திருமணத்தோடு எல்சி மேடையை விட்டு விலகினார். வயது இருபத்தைந்து. விலகியதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. களைத்துப்போன உடலுக்கு ஓய்வு தேவைப்பட்டது.

அட்டைகள் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. மேடையில் இல்லாதவரின் முகம் இன்னும் சில நத்தார்களுக்கு விற்பனையாகிக்கொண்டிருந்தது. போர் வந்தது. 1915 இல் போர்க்கால அறப்பணிக்காக ஒரு நாடகத்திலும், 1917 இல் ‘பமெலா’ என்ற நாடகத்திலும் திரும்பி வந்து நடித்தார். 1918 இல் கிரிபித் இயக்கிய ‘மாபெரும் காதல்’ என்ற மௌனப் படத்திற் சிறிது நேரம் தோன்றினார். அதே ஆண்டு தபாலட்டைக் கட்டணம் அரைப் பென்னியிலிருந்து ஒரு பென்னியாக உயர்ந்தது. அட்டை மோகமும் ஓய்ந்தது. 1920 இல் கணவனும் மனைவியும் குளொஸ்டர்ஷயரின் கிராமம் ஒன்றிற் குடியேறினார்கள். குதிரைச் சவாரி, நரி வேட்டை, விருந்துகள் என்று பத்தாண்டுகள் போயின. திருமண வாழ்வில் நிம்மதி இருக்கவில்லை. 1927 இல் ‘நீலப் புகையிரதம்’, அடுத்து ஐவர் நொவெலோவுடன் ‘உண்மை விளையாட்டு’, இவையே கடைசி மேடைகள். 1930 இல் விவாகரத்து ஆனது. நாற்பத்து நான்கு வயதில் எல்சி தனியே நின்றார். ஏறக்குறைய நமது வயது.

அதன் பின்னரான முப்பது ஆண்டுகளை வரலாறு எழுதியோர் சில வரிகளில் முடித்துவிடுகிறார்கள். கோபக்காரியானார். தாதியர் இல்லங்களிலும் சுவிற்சர்லாந்துச் சுகவாச நிலையங்களிலும் மாறி மாறித் தங்கினார். கடுமையான உளநோய் என்று வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன் பின்னர் அவருடைய நிலை முன்னேறியது என்று குறித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கண்டால் வைத்தியர்களாகிய நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உளநோய்க்கு மூளையைக் கத்தியால் அணுகும் முறையைப் போர்த்துக்கலைச் சேர்ந்த மொனிஸ் 1935 இல் தொடங்கினார். 1949 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். 1942 க்கும் 1954 க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் 10,000 பேருக்கு மேல் இவ்வாறான சத்திரசிகிச்சைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். அவர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம். உளநோய்க்கான மருந்துகள் 1950 களின் நடுப்பகுதியிற் பரவலாக வந்த பிறகே இந்த வழக்கம் அடங்கத் தொடங்கியது. அந்தக் காலக் குறிப்புகளில் முன்னேற்றம் என்ற சொல் பெரும்பாலும் நோயாளி அமைதியாகிவிட்டார், சத்தம் போடுவதில்லை, விடுதியில் தொல்லை இல்லை என்பதையே குறித்தது. அமைதியாக இருக்கிறாரா என்று தாதியும் உறவினரும் சொன்னார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று நோயாளியிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் மிகக் குறைவு.

எல்சி தனியாள் அல்லர் என்பதற்கு இன்னொரு முகம் சாட்சி. கப்ரியேல் றேயை முன்னர் குறிப்பிட்டோம். டேலிஸ் அரங்கின் அதே நாடகத்தில், அதே 1907 இல், உணவு விடுதிக் காட்சியில் நடனமாடிப் பெயர் பெற்றவர். அட்டைகளின் எண்ணிக்கையில் எல்சிக்குச் சற்றும் சளைத்தவர் அல்லர். 1912 இல் திருமணம், 1914 இல் விவாகரத்து. 1936 இல் மனநோய் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். 1973 இல் 90 வயதில் இறக்கும்வரை அந்த வாழ்க்கைதான். ஒரே மேடையில் நின்ற இருவர், இரண்டு வைத்தியசாலைகள். இருவரின் அட்டைகளும் அந்த ஆண்டுகள் முழுவதும் எங்கெங்கோ வீடுகளில் அல்பங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்தன.

அவ்வாறான ஓர் அட்டை ஒரு குழந்தையின் கையிற் கிடைத்தது. இலண்டனில், காலை வேளைகளில் தாயின் பெரிய கட்டிலில் ஏறி விளையாட அனுமதி பெற்ற மூன்று வயது ஆண்பிள்ளை. தாய் காலைத் தேநீரோடு வந்த கடிதங்களைப் பிரிக்க, இளஞ்சிவப்புப் பட்டுப் போர்வையின் மேல் லிலி எல்சியின் நிறம் தீட்டிய அட்டை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்த கணத்தைத் தன் வாழ்நாள் முழுவதும் அந்தப் பிள்ளை மறக்கவில்லை. புகைப்படத்தின் மீதும் மேடையின் மீதும் தமக்கு ஏற்பட்ட ஆசை அங்கிருந்துதான் தொடங்கியது என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் செசில் பீற்றன். இருபதாம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவர்.

1956 இல் ‘மை பெயர் லேடி’ என்ற இசை நாடகம் நியூயோர்க்கில் மேடையேறியபோது அதன் உடைகளை அமைத்தவர் பீற்றன். கதை நடக்கும் காலம் எல்சியின் காலம். குதிரைப் பந்தயக் காட்சியிற் பெண்கள் அணிந்து வரும் அகன்ற தொப்பிகளைப் பார்த்தவர்கள், டேலிஸ் அரங்கின் மூன்றாம் அங்கத்தை நினைவுகூர்ந்தார்கள். 1958 இல் நாடகம் இலண்டனுக்கு வந்தது. எல்சி அப்போது அதே நகரத்தில் உயிரோடு இருந்தார்.

1962 டிசம்பர் 16 ஆம் திகதி, நத்தாருக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், இலண்டன் வடமேற்கில் உள்ள சென் அன்றூஸ் வைத்தியசாலையில் அவர் இறந்தார். வயது 76. கடைசி ஆண்டுகள் முழுவதையும் அங்கேயே கழித்திருந்தார். கோல்டேர்ஸ் கிறீன் தகன மண்டபத்தில் உடல் எரியூட்டப்பட்டது. ‘மை பெயர் லேடி’ திரைப்படம் 1964 இல் வெளிவந்தது. தொப்பிகளுக்கும் உடைகளுக்குமாகப் பீற்றன் ஒஸ்கார் பரிசு பெற்றார். நம்மிற் சிலர் அந்தப் படத்தைக் கல்லூரி மண்டபத்தில் திரை கட்டிக் காட்டியபோது பார்த்திருக்கிறோம். தொப்பி வந்த காட்சியிற் கைதட்டியும் இருக்கிறோம்.